மூச்சு வாங்குவதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, பைலில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: சோமனூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபது வருசம் கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சீவும் பிரிவில், வேலை பார்த்த அம்மாவுக்கு இப்போது மூச்சு வாங்குகிறது. கோயம்புத்தூரில் பார்த்த டாக்டரின் பைலில் டிஸ்ப்னியா, ராங்கை, எக்ஸ்பிரேட்டரி வீஸ் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அடுத்த வாரம் தமிழ் தெரியாத டாக்டர் ஒருவரிடம் வீடியோவில் பேச வேண்டும். என்ன சொல்வது, பைலை எப்படிப் படிப்பது?

முதலில் சொல்வதைப் பார்ப்போம், பைல் அப்புறம். டாக்டர் எழுதியதை இன்னொரு டாக்டர் படித்துக்கொள்வார். நாம் தப்பான சொல்லைச் சொன்னால்தான் அவர் வேறு பக்கம் தேடப் போவார்.

நம்மூரில் மூச்சு வாங்கும், இரைக்கும், முட்டும், அடைக்கும், இழுக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு. ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது எல்லோரும் எல்லாவற்றையும் "ப்ரீதிங் ப்ராப்ளம்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். டாக்டருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

நடந்தால், படி ஏறினால், தண்ணிக்குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்றால் சொல்ல வேண்டியது "ஷார்ட்னஸ் ஆஃப் ப்ரெத்", அல்லது "ஐ கெட் ப்ரெத்லெஸ்". "அவுட் ஆஃப் ப்ரெத்" என்பது பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவனுக்கு. ரெண்டு நிமிசத்தில் சரியாகிவிடும் என்ற தொனி அதில் இருக்கிறது. "பேண்டிங்" என்பது ஓடி நின்றபின் வாய் திறந்து வேகவேகமாக இரைப்பது. "கேஸ்பிங்" என்ற சொல்லை மட்டும் சும்மா எடுக்காதீர்கள். அது உயிருக்குப் போராடி வாயைத் திறந்து திறந்து மூடுவது, அதைக் கேட்டால் எதிரில் இருப்பவர் ஆம்புலன்ஸை நினைப்பார்.

அடுத்து "அடைக்குது". இதை "சோக்கிங்" என்று சொல்பவர்கள் அதிகம். சோக்கிங் என்றால் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது, வேர்க்கடலையோ மாத்திரையோ. "என்ன சாப்பிட்டாங்க?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்றால் "செஸ்ட் டைட்னஸ்". வலி இல்லையென்றால் "பெயின்" என்ற சொல்லே வர வேண்டாம். "செஸ்ட் பெயின்" என்றவுடன் பேச்சு இதயத்துக்குப் போய்விடும், ஈ.சி.ஜி. எடுத்து முடிக்கும்வரை நுரையீரல் பக்கம் திரும்பாது. வலி இருந்தால் ஒளிக்கவும் வேண்டாம், இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். "நெஞ்சுல கேஸ் நிக்குதுங்க" என்று நாம் சொல்கிற கேஸும் ஆங்கிலத்தில் வயிற்றோடு சரி. நெஞ்சு இறுக்கத்துக்கு அந்தப் பெயரை நாமே வைத்துவிடக் கூடாது.

மூக்கு அடைத்திருப்பதையும் "மூச்சு விட முடியல" என்போம். அது "பிளாக்ட் நோஸ்". "மூச்சு முட்டுது" என்பதை அறை புழுக்கத்துக்கும் சொல்வோம். அறையைச் சொல்ல "ஸ்டஃபி" போதும், ஆளுக்கு என்றால் "ஐ காண்ட் கெட் இனஃப் ஏர்".

இழுப்புக்கு "வீஸ்". மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் மாதிரி கேட்கிற ஒலிக்குத்தான் அந்தப் பெயர். தமிழில் வீசிங் ஒரு நோயின் பெயராகவே ஆகிவிட்டது, "பையனுக்கு வீசிங் இருக்குதுங்க" என்கிறோம். ஆங்கிலத்தில் அது அறிகுறி மட்டும். ஆஸ்துமாவிலும் வரும், சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயிலும் வரும், இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்தாலும் வரும். எனவே "ஷி ஹேஸ் வீசிங்" என்று நிறுத்தாமல், எப்போது கேட்கிறது, ராத்திரியா விடியக்காலையா, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கிறதா என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இதைவிட மோசமாகச் சிக்குவது சளி. தமிழில் ஒரே சளி, ஆங்கிலத்தில் நாலு. மூக்கு ஒழுகித் தும்மல் வந்தால் "கோல்ட்". இருமி வெளியே வருவது "ஃபிளெம்", அதையே பைலிலும் லேபிலும் "ஸ்பூட்டம்" என்று எழுதுவார்கள். மூக்கிலோ குழாய்களிலோ உள்ளே இருக்கும் பிசுபிசுப்பு "மியூகஸ்". நெஞ்சில் கட்டியிருக்கிறது என்ற உணர்வுக்கு "கன்ஜஸ்ஷன்". நெஞ்சுச் சளியை "கோல்ட்" என்று சொன்னால் மூக்கடைப்பு மாத்திரையோடு அனுப்பிவிடலாம். லேபில் ஸ்பூட்டம் டப்பா கொடுத்தால் பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது, மறுபடி வரச் சொல்வார்கள். காலையில் எழுந்ததும், சாப்பிடுமுன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்தால்தான் அது ஸ்பூட்டம். எச்சிலுக்குப் பெயர் "சலைவா". சளியில் ரத்தம் வந்தால் "காஃபிங் அப் ப்ளட்", வாந்தியில் வந்தால் "வாமிட்டிங் ப்ளட்". "வாயில ரத்தம்" என்று பொதுவாகச் சொன்னால் நெஞ்சா வயிறா என்றே தெரியாது.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று. பெயர்ச்சொல் "ப்ரெத்", குறில். வினைச்சொல் "ப்ரீத்", நெடில். எழுதும்போது வினைக்குக் கடைசியில் ஓர் 'ஈ' கூடும். ப்ரீத் முடியும் இடத்தில் நம் 'பாதை'யில் வரும் மெல்லிய த ஒலி. ப்ரெத் முடிவது நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை மட்டும் விடும் ஒலி. "டேக் எ டீப் ப்ரெத்", ஆனால் "ப்ரீத் இன், ப்ரீத் அவுட்". எக்ஸ்ரே அறையில் "ஹோல்ட் யுவர் ப்ரெத்" என்றால் இழுத்துப் பிடித்து வைப்பது.

சொல்லைவிட டாக்டருக்கு உதவுவது தூரம். மூச்சிரைப்பை 0 முதல் 4 வரை அளக்கும் ஒரு முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, பைலில் எம்.எம்.ஆர்.சி. கிரேடு என்று இருக்கும். கடுமையான வேலை செய்தால் மட்டும் வாங்குகிறது என்றால் 0. சமதரையில் வேகமாக நடந்தாலோ லேசான ஏற்றம் ஏறினாலோ வாங்கினால் 1. ஒத்த வயதுக்காரர்களோடு சமதரையில் நடக்கும்போது பின்தங்கினாலோ, தன் நடையிலேயே போனாலும் நின்று நின்று போனாலோ 2. சுமார் 100 மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருந்தால் 3. சேலை கட்டும்போதே வாங்குகிறது, வீட்டை விட்டு வெளியே போக முடியவில்லை என்றால் 4. "சென்னிமலைப் படியேற முடியலைங்க" என்று மட்டும் சொன்னால் வெளியூர் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. அந்த 1320 படி நல்ல உடம்புக்காரனையும் உட்கார வைக்கும். மாறாக, வீட்டிலிருந்து மளிகைக்கடை எத்தனை மீட்டர், போன வருசம் நிற்காமல் போனவர் இப்போது எத்தனை இடத்தில் நிற்கிறார் என்று சொன்னால் கிரேடு தானாக வந்துவிடும்.

இனி மில் விசயம். இந்தக் கேள்வியில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு "பிசினோசிஸ்" என்று பெயர். மெல்லிய நார்த்துணியைக் குறிக்கும் "பிசோஸ்" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1877-ல் அட்ரியன் ப்ரூஸ்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். பஞ்சு பேலைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் தூசி அதிகம், அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் கூடுதலாக வரும். இதன் அடையாளம் விநோதமானது: லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுக்கும், அடுத்தடுத்த நாளில் குறையும். ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு "மண்டே டைட்னஸ்" என்றே பெயர். நோய் முற்ற முற்ற முதல் நாளோடு நிற்காமல் மற்ற நாளுக்கும் பரவும், கடைசியில் வேலைக்குப் போகாத நாளிலும் இரைக்கும்.

பிரச்சினை "மண்டே"யில் இருக்கிறது. டாக்டர் "இஸ் இட் வொர்ஸ் ஆன் மண்டேஸ்?" என்று கேட்பார். நம்மூர் மில்லில் வார லீவு ஆளுக்கு ஆள் மாறும், ஷிப்டும் மாறும். "இல்லைங்க, திங்கக்கிழமைன்னு ஒண்ணும் இல்ல" என்று அம்மா உண்மையைத்தான் சொல்வார், ஆனால் பதில் தப்பாகிவிடும். சொல்ல வேண்டியது "ஆன் தி ஃபர்ஸ்ட் டே பேக் ஆஃப்டர் லீவ்". தீபாவளி, பொங்கல் லீவு முடிந்து போன அன்று எப்படி இருந்தது என்று அம்மாவிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த டிபார்ட்மெண்டில் எத்தனை வருசம், வேலையை விட்டு எத்தனை வருசம், மூக்கில் துணி கட்டினாரா மாஸ்க்கா என்பதையும் குறித்து வையுங்கள். சேலை முந்தானையை மூக்கில் சுற்றுவது மாஸ்க் ஆகாது, நுண்ணிய தூசி உள்ளே போய்விடும். அதனால் கேட்டால் "க்ளாத், நாட் எ மாஸ்க்" என்றே சொல்லுங்கள்.

தூசிக்கும் தனித்தனிச் சொல் உண்டு. "டஸ்ட்" என்பது பொடியாகப் பறப்பது. மில்லில் பறக்கும் பஞ்சு இழைக்குச் சூபர்வைசர்கள் "ஃப்ளை" என்பார்கள், வெளியாள் அதை ஈ என்று நினைப்பார், ஆகவே டாக்டரிடம் "காட்டன் டஸ்ட்". "ஃப்யூம்" என்பது வெல்டிங்கில் உருகிய உலோகம் ஆவியாகி ஆறும்போது உண்டாகும் நுண்துகள். "ஸ்மோக்" என்பது எரியும் புகை. ஃபவுண்டரி மணல் தூசி "சிலிக்கா", அது தரும் நோய் சிலிக்கோசிஸ், பஞ்சு நோயிலிருந்து முற்றிலும் வேறு. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் வேலை என்றால் "காயர் டஸ்ட்". விறகடுப்பில் எத்தனை வருசம் சமைத்தார் என்பதும் கணக்கில் வரும். "டஸ் ஷி ஸ்மோக்?" என்றால் "நோ" சொல்லி முடித்துவிடாமல் "வுட் ஸ்டவ்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நெபுலைசர் வைத்ததைச் சிலர் "புகை வெச்சாங்க" என்பார்கள். அதை ஸ்மோக் என்று மொழிபெயர்த்தால் பேச்சு எங்கெங்கோ போகும். நெபுலா என்றால் லத்தீனில் மூடுபனி, நெபுலைசர் மருந்தைப் பனியாக்கும் கருவி, அவ்வளவுதான்.

சிரிப்புக்கு ஒன்று: மில்லில் கோன் "வைண்டிங்"கும் பல்லடம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்குச் சுத்தும் "விண்ட்மில்"லும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துத்தான். நூல் சுற்றினால் வைண்ட், காற்றடித்தால் விண்ட். பைலில் "வொர்க்ட் இன் வைண்டிங்" என்றிருந்தால் காற்றாலை என்று படித்துவிடாதீர்கள்.

இப்போது பைல். மூச்சு சம்பந்தப்பட்ட சொற்கள் நூறு இருந்தாலும் வேர் மூன்றுதான்.

ஒன்று, கிரேக்கத்து "ப்னியா", மூச்சு விடுதல். முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். "டிஸ்" கஷ்டம், எனவே டிஸ்ப்னியா மூச்சுத் திணறல். "டாக்கி" வேகம், டாக்கிப்னியா. "ஆ" இல்லை, ஆப்னியா மூச்சு நின்றுபோவது; ஸ்லீப் ஆப்னியா தூக்கத்தில் குறட்டையோடு நின்று நின்று வருவது. "ஆர்த்தோப்னியா" என்றதும் எலும்பு டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆர்த்தோ என்றால் நேராக. படுத்தால் மூச்சு முட்டும், நிமிர்ந்து உட்கார்ந்தால் சரியாகும் என்று அர்த்தம். "எத்தனை தலையணை?" என்று கேட்பது இதற்காகத்தான். பி.என்.டி. என்ற சுருக்கத்தில் கவனம் வேண்டும். தூங்கிக்கொண்டிருப்பவரை நடுராத்திரியில் திடுக்கென எழுப்பும் மூச்சுத் திணறலும் பி.என்.டி.தான், மூக்குச் சளி தொண்டைக்கு இறங்குவதும் பி.என்.டி.தான். முன்னது இதயத்தைப் பார்க்கச் சொல்வது, பின்னது மூக்கை.

இரண்டு, லத்தீனின் "ஸ்பைர்". இன்ஸ்பிரேஷன் மூச்சை உள்ளே இழுப்பது, எக்ஸ்பிரேஷன் வெளியே விடுவது. ஆஸ்பத்திரியில் "பேஷண்ட் எக்ஸ்பயர்ட்" என்று கேட்டுப் பழகியவர்கள் "எக்ஸ்பிரேட்டரி வீஸ்" என்று பார்த்ததும் அரண்டுபோவார்கள். மூச்சு விடும்போது விசில் கேட்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். இரண்டும் ஒரே வேர் என்பது உண்மை, கடைசி மூச்சை விட்டார் என்று நாமும் சொல்கிறோமே. மருந்து அட்டையின் எக்ஸ்பைரி தேதியும் அதே குடும்பம்.

மூன்று, நுரையீரல். கிரேக்கத்தில் "நியூமோன்", லத்தீனில் "பல்மோ". நிமோனியா, நியூமோதொராக்ஸ் முதலாவதிலிருந்து; ஆங்கிலத்தில் முன்னால் ஒரு 'பி' எழுதுவார்கள், உச்சரிப்பதில்லை, தமிழ் முதலிலேயே கழற்றிவிட்டது. பல்மனாலஜி, பல்மனரி இரண்டாவதிலிருந்து. ஆங்கிலேயரின் சொந்தச் சொல் "லங்". அதன் பழைய வேருக்குப் பொருள் "கனமில்லாதது", அவர்கள் ஊர்க் கறிக்கடையில் ஆட்டு நுரையீரலை "லைட்ஸ்" என்றே சொல்வார்கள். தண்ணீரில் போட்டால் மிதக்கும் ஒரே ஈரல் அதுதான். நாம் அதை நுரை என்று பார்த்தோம், அவர்கள் எடையைப் பார்த்தார்கள். ப்ரெத் என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் மூச்சைக் குறிக்கவில்லை. மணம், ஆவி என்றுதான் பொருள். சட்டியிலிருந்து எழுவதும் ஆவி, உயிரும் ஆவி என்று சொல்லும் நமக்கு அது விளங்கும்.

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டதை எழுதும் சொற்கள் தனி. "ஏ.இ.பி.இ." என்றால் இரண்டு பக்கமும் காற்று சமமாகப் போகிறது, நல்ல சேதி. "என்.வி.பி.எஸ்." சாதாரண மூச்சொலி, அதுவும் நல்லது. "ராங்கை" கரகரவென்ற தாழ்ந்த ஒலி, பெரிய குழாய்களில் சளி. "கிரெப்ஸ்" அல்லது "கிராக்கிள்ஸ்" என்பது காதருகே தலைமுடியை விரலால் தேய்த்தால் வருமே, அந்த நொறுநொறுப்பு. "ஸ்ட்ரைடார்" மூச்சை இழுக்கும்போது தொண்டையில் கேட்கும் கீச்சொலி, வீஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, மேல்வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள், உடனே பார்க்க வேண்டியது. "எஸ்.ஓ.பி." ஷார்ட்னஸ் ஆஃப் ப்ரெத்தின் சுருக்கம். "பி/எல்" இரண்டு பக்கமும். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் "அன்ரிமார்க்கபிள்" என்றால் குறிப்பிட ஒன்றுமில்லை. "எஃப்யூஷன்" நுரையீரலைச் சுற்றி நீர், "கன்சாலிடேஷன்" காற்றிருக்க வேண்டிய இடம் நிரம்பிக் கெட்டியானது, "ஃபைப்ரோசிஸ்" தழும்பு. "செஸ்ட் டிபார்ட்மெண்ட்" என்று எழுதியிருந்தால் டி.பி. என்று முடிவுகட்ட வேண்டாம். பெருந்துறையில் டி.பி.க்கென்றே சானடோரியம் இருந்த காலத்து நினைவில் பெரியவர்கள் அப்படித்தான் பயப்படுவார்கள்.

ஸ்பைரோமெட்ரி எடுத்திருந்தால் இரண்டு எண்களைப் பாருங்கள். எஃப்.வி.சி. என்பது முழு மூச்சிழுத்து வேகமாக ஊதி வெளியேற்றிய மொத்தக் காற்று, எஃப்.இ.வி.1 அதில் முதல் ஒரு நொடியில் வெளிவந்தது. பின்னதை முன்னதால் வகுத்து 0.70-க்குக் கீழே வந்தால் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன, "அப்ஸ்ட்ரக்ஷன்". மருந்து இழுத்து சுமார் 15 நிமிசம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். எஃப்.இ.வி.1 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் "ரிவர்சிபிள்", ஆஸ்துமா பக்கம் சாயும். ஊதும்போது உதடு சரியாக மூடாவிட்டாலோ, காற்று முழுக்க வெளியேறுமுன் நிறுத்திவிட்டாலோ எண் தப்பாக வரும். ரிப்போர்ட்டில் "புவர் எஃபர்ட்" என்றிருந்தால் அந்த எண்ணை நம்பாமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

பம்ப் கொடுத்திருந்தால் துண்டுச்சீட்டில் ஒரு சொல் மிக முக்கியம். அழுத்தினால் பீய்ச்சும் இன்ஹேலருக்கு "இன்ஹேல் ஸ்லோலி", மெதுவாக, நாலைந்து நொடி. கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பவுடர் வகைக்கு "இன்ஹேல் ஃபோர்ஸ்ஃபுல்லி", வேகமாக, பலமாக. இரண்டையும் மாற்றிச் செய்தால் மருந்து தொண்டையிலோ கருவியிலோ தங்கிவிடும். இரண்டிலும் முதலில் "எக்ஸ்ஹேல்", மூச்சை முழுக்க விடுவது. இழுத்த பிறகு 10 நொடி பிடித்து வைப்பது. அந்தக் கேப்ஸ்யூலை விழுங்குபவர்களும் உண்டு, "நாட் டு பி ஸ்வாலோட்" என்று எழுதுவது அதனால்தான். ஸ்டீராய்டு வகை என்றால் "ரின்ஸ் அண்ட் ஸ்பிட்", வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும்.

வீடியோவில் பேசும்போது அம்மாவையே பேச விடுங்கள், தமிழில்தான் என்றாலும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா என்பதை டாக்டர் பார்த்தே தெரிந்துகொள்வார், அதற்கு மொழி வேண்டாம். பம்பை கேமரா முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குமுன் எந்த நாளிலாவது இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விரல் கருவியில் ஆக்ஸிஜன் 90-க்குக் கீழே நிற்கிறது என்றால் வீடியோவுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.